ஊதாக் கட்டைவிரல்

அன்று காலை பிரித்த முதல் பெட்டியிலேயே ஒரு பல் கிடந்தது. குழந்தையின் பால்பல். அடுக்கி விளையாடும் மரத்துண்டுகளுக்கு நடுவே, வேரில் காய்ந்த ரத்தத்தோடு, தானும் விளையாட்டுச் சாமான்களில் ஒன்று என்பதுபோல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"உவ்வே!" என்று அவள் அதை இடுக்கியால் தூக்கி எதிர் மேசைக்குக் காட்டினாள். "இந்தக் கொடுமையைப் பாருடி. பொம்மையைத் திருப்பிக் குடுத்ததோட பல்லையும் குடுத்துட்டுப் போயிருக்கு."

எதிர் மேசையில் விலைச்சீட்டு ஒட்டுகிற பெண் நிமிரக்கூட இல்லை. "பணத்தைத் திருப்பிக் கேட்டப்போ நம்ம ஆளுங்க பல்லைத் தட்டிட்டாங்களோ என்னவோக்கா."

அது ஒரு பெரிய கடையின் கிடங்கு. கடைக்கு நகரத்தில் பல கிளைகள். வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் விளையாட்டுச் சாமான்கள் எந்தக் கிளையில் விழுந்தாலும் கடைசியில் மூட்டை மூட்டையாக இங்கே, இவள் மேசைக்குத்தான் வந்து சேரும். பிரித்து, பார்த்து, தடவி, முகர்ந்து, மறுபடி விற்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது இவள் வேலை. விற்கலாம் என்றால் பச்சை முத்திரை. குப்பை என்றால் சிவப்பு. சிவப்பு மைதான் சீக்கிரம் தீரும்.

கையுறை போட மாட்டாள். போட்டால் பிசுபிசுப்பு தெரியாது என்பாள். வெறும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவுவாள்; தடவி முடித்ததும் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஒரு பெட்டி, ஒரு கழுவல். விரல் நுனிகள் வெடித்து வெடித்துச் சுட்ட மண்போல ஆகிவிட்டன. பொம்மையின் காதில் மென்று ஒட்டிய சூயிங்கம், பந்துக்குள் பூனை முடி, பகடை உருட்டும் குவளையில் யாரோ எச்சில் துப்பிய கறை, இப்படி மனிதர்கள் வீட்டுக்குள் மறைத்து வைக்கிற அத்தனை அசிங்கமும் அவள் விரல் வழியே வந்து போயின. முகத்தைச் சுளித்துச் சுளித்து, மூக்கின் இரு பக்கமும் அழியாத கோடு விழுந்துவிட்டது. பூக்கடையில் நின்றாலும் சாக்கடை ஓரம் நிற்பவள் போலத் தெரிவாள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் சுளிப்பக்கா.

இந்தச் சுளிப்பு பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு துண்டால் வந்தது.

ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, நான்கு அண்ணன்கள், கடைசியாக இவள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே துண்டு. அப்பா முதலில் துடைப்பார். பிறகு அண்ணன்மார் வயசு வரிசையில். அம்மா கையை மட்டும் ஒற்றிக்கொள்வாள். இவள் முறை வரும்போது அது துண்டாகவே இருக்காது. அத்தனை பேருடைய வியர்வையும் சளியும் ஊறிய ஏதோ ஒரு செத்த பிராணி கொடியில் தொங்குவது போலிருக்கும். குளித்துவிட்டு ஈரத்தோடு ஜன்னல் அருகே நின்று காற்றில் காய்வாள். பனிக்காலத்தில் பல் தந்தியடிக்கும். இருந்தாலும் அந்தத் துண்டைத் தொட மாட்டாள். முதல் சம்பளத்தில் மற்றப் பெண்கள் தோடு வாங்கினார்கள், செருப்பு வாங்கினார்கள். இவள் ஒரு துண்டு வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "மகாராணிக்குத் தனித் துண்டு! பூட்டு வேற!" என்று பெரியண்ணன் ஊரைக் கூட்டிச் சிரித்தான்.

அப்படிப்பட்டவளுக்குத் தலையெழுத்து என்ன செய்தது தெரியுமா? தபால் ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தியது.

வேறு வேலைக்கு மனுப் போட ஸ்டாம்பு வாங்கப் போயிருந்தாள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் இளைஞர். ஒரு கையில் முத்திரைக் கட்டை, மறு கைக் கட்டைவிரலில் ஊதா மை. அந்த விரலை நாக்கில் ஒரு இழுப்பு இழுத்து, ஸ்டாம்புத் தாளைப் பிரித்து நீட்டினார். அவள் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்தத் தாள் வேண்டாம். எச்சில் படாததாக் குடுங்க."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த இளைஞரின் காது மடல்கூடச் சிவந்துபோயிற்று. எழுந்து போய் எங்கிருந்தோ ஒரு வட்டக் கிண்ணத்தை எடுத்து வந்தார். உள்ளே தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்ச். அதில் பயபக்தியோடு விரலைத் தொட்டு, புதுத்தாள் கிழித்துக் கொடுத்தார். அடுத்த முறை அவள் வாசலில் தலை காட்டியதுமே கிண்ணம் முன்னால் வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த முறையும். தேவையே இல்லாமல் ஸ்டாம்பு வாங்கத் தொடங்கினாள். ஆணின் கண்ணைப் பார்த்து மயங்கிய பெண்கள் உண்டு, குரலைக் கேட்டு மயங்கியவர்கள் உண்டு. ஒரு ஸ்பாஞ்சைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்!

கல்யாணம் ஆயிற்று. ஸ்பாஞ்ச் காய்ந்தது.

ஆறு தாண்டிய பிறகு ஓடக்காரனை யார் நினைக்கிறார்கள்? செய்தித்தாளைப் புரட்ட எச்சில், பிளாஸ்டிக் பை பிரிக்க எச்சில், நாட்காட்டியில் தேதி கிழிக்க எச்சில். கட்டைவிரல் மை உதட்டுக்கு வந்து, கீழுதட்டின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு தழும்பே உண்டாகிவிட்டது. அந்த உதட்டோடு தேநீர்க் குவளையை உறிஞ்சுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் பிறந்தநாளுக்கெல்லாம் ஒரு புதுக் கிண்ணம், புது ஸ்பாஞ்ச் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். "ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேம்மா" என்பார். எடுத்துக்கொண்டும் போவார். மாலையில் உதடு அதே ஊதாவோடு வீடு திரும்பும்.

மகள் இருந்தவரை வீட்டில் பேச்சு இருந்தது. அம்மா மகளிடம் பேசுவாள், அப்பாவும் மகளிடம் பேசுவார். இருவருக்கும் நடுவே மகள் ஒரு தபால் பெட்டி. அவள் கல்யாணமாகி ரயிலில் ஒன்றரை நாள் தொலைவிலுள்ள ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் இரண்டு பேருக்குள் நேரடிப் போக்குவரத்தே கிடையாது என்று. இவள் கிடங்கில் கண்ட கண்றாவிகளைச் சொல்வாள். அவர் "ம்" என்பார். செய்தித்தாள் புரளும். எச்சில் சத்தம் கேட்கும். "நான் சொல்றது காதுல விழுதா?" என்பாள். "ம்."

இப்போது அவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. பிறகு காலையிலிருந்து இரவுவரை அதே வீடு, அதே மேசை, அந்த உதடு, இந்த மூக்கு. பேச்சில்லாத வீட்டில் அருவருப்பு ஒன்றுதான் மிஞ்சும். அதையும் எத்தனை நாள் மென்று விழுங்குவது? பிரிந்துபோக வயதில்லை. சேர்ந்திருக்க வழி தெரியவில்லை.

"ஓய்வுக்கு அண்ணனுக்கு என்னக்கா வாங்கப் போறீங்க? கடிகாரமா?" என்று கேட்டாள் விலைச்சீட்டுக்காரி.

"கடிகாரமா? ஏற்கெனவே பொழுது போகாதேன்னுதான் கவலை. அதை மணி பார்த்து வேற உட்காரணுமா? ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற மாதிரி ஏதாவது வாங்கணும்டி. ஒரு சாக்கு வேணும், வாயைத் திறக்க."

"சதுரங்கம்?"

"ஊமை ஆட்டம். அதுவுமில்லாம இங்க திரும்பி வர்ற சதுரங்கத்துல தலை கடிபடாத குதிரையை நான் பார்த்ததே இல்ல. குதிரைன்னா எல்லாருக்கும் பல்லு ஊறுது."

"சீட்டுக்கட்டு?"

"பிரிச்சாலே சாராய வாடை. ஒவ்வொரு சீட்டுக்கும் விரலை நக்குவாரு. நான் வீட்டை விட்டே ஓடிடுவேன்."

"கேரம்?"

"ரயில்ல தூக்கிட்டுப் போக முடியுமா? மகள் வீட்டுக்கு ஒன்றரை நாள் எதிரெதிர் சீட்டுல உட்காரணுமே. அங்கதான்டி பயமே."

நாள் கணக்கில் மேசைமேல் வந்ததையெல்லாம் எடை போட்டுக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி. திறந்தால் மூடி நடுவில் தடுப்பாக நிற்கும். ஒருவர் எழுத்துச் சில்லுகளைக் கோத்து ஒரு சொல்லைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். எதிரே இருப்பவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டே பேர். கைப்பைக்குள் அடங்கும். எழுத்துக் காகிதங்கள் பிளாஸ்டிக் சில்லுகளின்மேல் ஒட்டியிருப்பதால் எடுக்க எச்சில் தேவையில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், வாயைத் திறந்தே ஆக வேண்டும். கேட்காமல், பதில் சொல்லாமல் ஆட முடியாது. அது கிடங்குக்குத் திரும்பி வருவதும் அபூர்வம். போனது போனதுதான்.

அன்று மாலை வீட்டில் சும்மா ஆழம் பார்த்தாள்.

"என்னங்க, மனசுல ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு, அடுத்தவங்க எழுத்து எழுத்தாக் கேட்டுக் கண்டுபிடிக்கிற ஆட்டம் இருக்கே. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவருக்குத் தேநீர் புரையேறியது. இருமி, மேசையெல்லாம் தெளித்து, "ம்... இருக்கும், இருக்கும்" என்றார்.

"பிடிக்குமா?"

"பார்க்கலாம்." செய்தித்தாளுக்குப் பின்னால் தலை மறைந்தது. கட்டைவிரல் நாக்குக்குப் போனது. அவள் மேசைமேல் தெறித்த துளிகளைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்த்திருந்தால் அன்றே ஏதோ தெரிந்திருக்கும்.

சில நாள் கழித்து வந்த மூட்டையில் அந்த நீலப் பெட்டி ஒன்று இருந்தது.

"அட, இதுவும் திரும்பி வந்துடுச்சா!" என்று ஆச்சரியத்தோடு திறந்தாள். விரல் தானாக முதல் சில்லைத் தடவியது. எழுத்துக் காகிதத்தின் மூலை ஈரம் பட்டு உப்பியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். விளக்குக்குக் கீழே பிடித்தாள். உப்பிய ஒவ்வொரு மூலையிலும் பிறை போல ஒரு ஊதாக் கறை.

உலகத்தில் கட்டைவிரலை நக்குபவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஊதா மையோடு நக்குபவர்களும் பல தபால் ஆபீஸ்களில் இருக்கலாம். ஆனால் இடது ஓரம் தேய்ந்த அந்தப் பிறையை அவள் நாட்காட்டியில் பார்த்திருக்கிறாள், மகளின் பள்ளிப் புத்தகங்களில் பார்த்திருக்கிறாள், தன் கல்யாண ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்திருக்கிறாள். தாலி கட்டியவரின் எச்சிலை அடையாளம் தெரியாதா?

பெட்டியின் இடுக்கில் வேறொன்றும் மின்னியது. இடுக்கியால் எடுத்தாள். ரோஜா நிறத்தில் ஒரு துணுக்கு. நகப்பூச்சு. முகர்ந்தாள். முகப்பவுடர் வாசனை.

"என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"பேயில்லடி. புருஷன்."

கழுவும் தொட்டிக்கு ஓடினாள். சோப்பு கரைந்து சில்லாகும்வரை கையைத் தேய்த்தாள். வெடித்த விரல்கள் எரிந்தன. எரியட்டும்! இத்தனை வருஷம் யார் யாருடைய எச்சிலையோ தொட்டிருக்கிறாள். எதற்கும் இவ்வளவு நேரம் கழுவியதில்லை. எதிரே ஒருத்தி, ரோஜா நகத்தோடு. இந்தப் பக்கம் இவர், ஊதா உதட்டோடு. நடுவில் ஒரு சொல். அவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். ஐயோ! பேச வராத மனுஷன் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தாள்? பேச்சு இருந்திருக்கிறது. இவளுக்கென்று வரும்போது மட்டும் தீர்ந்துபோயிருக்கிறது, அந்தக் கடைசி முறைத் துண்டு போல!

சிவப்பு முத்திரையை எடுத்தாள். குத்தினாள், குப்பை என்று. குப்பை என்று குத்திய பொருளை எடுத்துப்போகக் கிடங்கில் தடையில்லை. எடுத்துப்போகிற ஆள்தான் இதுவரை இருந்ததில்லை. பெட்டியை இரண்டு பைகளில் சுற்றி அவள் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்து விலைச்சீட்டுக்காரி வாய் பிளந்தாள்.

"அக்கா! நீங்களா? இதையா? வீட்டுக்கா?"

"சாட்சி வேணும்டி" என்றாள்.

மறுநாள் மதியம், பல வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தபால் ஆபீசுக்குள் கால் வைத்தாள். கையில் மகளுக்கு அனுப்ப ஒரு பொட்டலம், உள்ளே புதுத் துண்டு. அவருடைய கவுன்ட்டர் காலியாக இருந்தது. பக்கத்தில் பார்சல் கவுன்ட்டர். அங்கே நடு வயதைத் தாண்டிய, கனத்த ஒரு பெண்மணி கொண்டை ஊசியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்த ஊசியை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி கொண்டையில் செருகினார். நகமெல்லாம் ரோஜா. கட்டைவிரல் நகத்தில் மட்டும் பூச்சு பெயர்ந்திருந்தது.

இவளா! இந்தக் காதழுக்குக்காரியா! ஒரு கணம் தன் புருஷன்மேலேயே அவளுக்குப் பரிதாபம் வந்தது.

"பக்கத்து கவுன்ட்டர்ல ஐயா இல்லையா?" என்று கேட்டாள்.

"பேங்குக்குப் போயிருக்காரு. ஸ்டாம்பா? நானே தரேன். அவர்கிட்ட மட்டும் வாங்காதீங்கம்மா, புண்ணியமாப் போகும். எச்சில் பண்ணித்தான் குடுப்பாரு."

அவள் பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்தான். தங்கம். ஆனா அந்தக் கட்டைவிரல் இருக்கே!" பார்சல் அம்மா பொட்டலத்தை எடைத்தட்டில் வைத்தபடி தோள் குலுங்கச் சிரித்தார். "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல ஒரு விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து, சாப்பாட்டு வேளையில வாங்க ஆடலாம்னு உயிரை எடுத்தாருங்க. சொல் கண்டுபிடிக்கணுமாம். வழவழன்னு பிளாஸ்டிக் சில்லு. அதை எடுக்கக்கூட விரலை நக்குறாரு! நான் கையால தொடுவேனா? கொண்டை ஊசியாலதான் தள்ளுவேன். மூடியைத் திறந்ததுல நகப்பூச்சு போனதுதான் மிச்சம்."

"உங்க முன்னாடியேவா நக்கினாரு?"

"ஏன், என் முன்னாடி நக்கக் கூடாதா? நான் என்ன பெரிய ஆபீசரா?"

"ஸ்பாஞ்ச்... ஸ்பாஞ்ச் கிண்ணம் ஒண்ணு வெச்சிருப்பாங்களே?"

"டிராயர் நிறைய இருக்கு. ஒண்ணைக்கூட உறையிலிருந்து பிரிக்கல. வீட்டம்மா குடுத்ததாம், தொடக் கூடாதாம், பாழாயிடுமாம். ஏம்மா, என்னாச்சு? அழுறீங்களா சிரிக்கிறீங்களா?"

"தூசி" என்றாள் அவள்.

அவளுக்குத் தெரியாததா? அந்த ஆளுக்கு ஒரு பெண்மேல் ஆசை வந்தால் ஸ்பாஞ்ச் வெளியே வரும். ஊரே சிரித்தாலும் வரும். வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எந்தக் கோர்ட்டிலும் செல்லாத சாட்சி. ஆனால் அவள் ஒருத்திக்குப் போதும். நெஞ்சை அழுத்திய பாறாங்கல் உருண்டு விழுந்தது.

விழுந்த இடத்தில் ஒரு சின்ன முள் மட்டும் குத்திக்கொண்டு நின்றது. போகிற போக்கில் கேட்டுவிட்டாள். "அவரு நல்லாப் பேசுவாரா?"

"பேச்சா! வாயை மூடினாத்தானே! சொல்லைக் கண்டுபிடிக்கிறதை விட்டுட்டு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவாரு."

பேச்சு எல்லாம் இங்கே. "ம்" மட்டும் அங்கே. அந்த முள்ளோடுதான் வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு, அவர் எதிரில் அந்த நீலப் பெட்டியை வைத்தாள். மேலே சிவப்பு முத்திரை.

"ஓய்வுக்குப் பரிசு. கொஞ்சம் முன்னாடியே குடுக்கிறேன்."

அவர் கை நீட்டித் திறந்தார். ஊதாப் பிறைகளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இது எப்படி உன்கிட்ட?"

"எந்தக் கிளையில திருப்பிக் குடுத்தாலும் என் மேசைக்குத்தான் வரும்னு எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்?"

"பொம்மைன்னு சொன்ன ஞாபகம் இருக்கு. எங்கிருந்து வருதுன்னு..."

"காதுல வாங்கல."

"வாங்கல" என்று ஒப்புக்கொண்டார். தலை குனிந்துவிட்டது. "அன்னிக்கு நீ அந்த ஆட்டத்தைப் பத்திக் கேட்டதுமே, எனக்கு வாங்கப் போறேன்னு புரிஞ்சுடுச்சு. ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா உன் முகம் விழுந்துடும். அதான் கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டேன்."

"சரி. எதுக்கு வாங்கினீங்க?"

"பழகிக்க."

"என்னத்தைப் பழக?"

பெட்டியின் மூடியைச் சாத்தினார். "உன்கூடப் பேச" என்றார். "ரிட்டயர் ஆனா நாள் பூரா நீயும் நானும்தான். என்ன பேசுறதுன்னு பயமா இருந்துச்சு. இந்த ஆட்டம்னா பேசித்தான் ஆகணும்னு கடைக்காரன் சொன்னான். கொஞ்சம் கைவந்ததும் வீட்டுக்குக் கொண்டுவரலாம்னு இருந்தேன்."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பொய் சொல்ல மாட்டேம்மா. அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் அதுவே நல்லா இருந்துச்சு. பார்சல் அம்மா நான் என்ன சொன்னாலும் சிரிப்பாங்க. இங்க நான் வாயைத் திறந்தா, நீ சொல்லைக் கேக்கிறதில்ல. உன் கண்ணு நேரா உதட்டுக்குத்தான் வரும். ஊதாவா இருக்கான்னு பார்க்கும். மூக்கு சுருங்கும். அதோட நான் சொல்ல வந்தது உள்ளேயே திரும்பிப் போயிடும்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். வழக்கம்போல் கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. மூக்கின் இரு பக்கமும் கோடு. சும்மா இருக்கும்போதே ஏதோ நாற்றத்தை முகர்ந்தது போன்ற முகம். இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார். இவள் முகமே அவருக்குச் சிவப்பு முத்திரையாக இருந்திருக்கிறது! பெட்டியைத் திறக்கும் முன்னே குப்பை என்று குத்தியிருக்கிறாள், தினமும், மூன்று வேளையும். அவர் எதையும் காதில் வாங்காத மனுஷன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் வாயை அடைத்தது யார்?

அவளுக்குத் தன்னைக் கண்டே குமட்டியது. கைக்குச் சோப்புப் போடலாம். இதற்கு எந்தச் சோப்பைப் போடுவது?

கழுவாமலே குழாயை மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூடியை நடுவில் நிறுத்தி, அந்த உப்பிய, கறை படிந்த, எச்சில் காய்ந்த சில்லுகளை வெறும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒவ்வொரு சில்லுக்கும் மூக்கு ஒரு முறை சுருங்கி விரிந்தது. தடுப்புக்குப் பின்னால் சொல்லைக் கோத்து முடித்தாள்.

"ம். கேளுங்க எழுத்தை."

அவர் தடுப்பைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"அருவருப்பு" என்றார்.

"எழுத்து கேக்காம சொல்லக் கூடாது! அது ஆட்டமில்ல!"

"மூஞ்சியிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே. அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அந்த ஊதா உதடு விரிவதை இத்தனை கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போதும் பார்க்கச் சகிக்கவில்லைதான்.

"இப்ப நீங்க வைங்க."

அவர் சில்லை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை பாதி வழியில் வாய்க்குத் திரும்பியது. உதட்டருகே போய் நின்றது. விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இரு, வந்துட்டேன்" என்று எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் உருண்டன. குழாய் ஓடியது. திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட மஞ்சளாக ஒரு ஸ்பாஞ்ச். முதன்முதலாக அவளுக்காகக் கிண்ணம் கொண்டுவந்த அதே பயபக்தியோடு அதை மேசை நடுவில் வைத்தார்.

"அய்யய்யோ! என்னங்க இது! பாத்திரம் தேய்க்கிறதுங்க! காலையில எண்ணெய்ச் சட்டி தேய்ச்சேன்!"

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். முகம் கோணிற்று. மூக்கின் இரு பக்கமும், அவளுக்கு இருப்பது போலவே, இரண்டு கோடுகள் விழுந்தன.

"ஆமா. நாறுது."

"எடுத்துட்டுப் போங்க முதல்ல. கருமம்! இதுக்கு உங்க எச்சிலே தேவலை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருந்தது. இந்த முறை காதில் வாங்கியிருந்தார். தட்டை மெதுவாக ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவள் கண்ணைப் பார்த்தபடியே, அனுமதி கேட்பவர்போல, கட்டைவிரலை நாக்கில் லேசாகத் தொட்டு முதல் சில்லை எடுத்தார்.

அவள் முகம் சுளித்தது. அதை இனி எந்தச் சாமி வந்தாலும் மாற்ற முடியாது. சுளித்த முகத்தோடு நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, "எத்தனை எழுத்து?" என்று கேட்டாள்.